கார்ட் இன்ஜின் மக்கர் செய்தால் எங்கே முதலில் கை வைப்பது?

கடலூர் முதுநகரில், துறைமுகம் பக்கம் என் பட்டறை. தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், கான்கிரீட் வைப்ரேட்டர், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் என்று சின்ன பெட்ரோல் இன்ஜின் எதுவானாலும் இங்கே வரும். சில வருடங்களாக கல்லூரிப் பையன்கள் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியின் இன்ஜினையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கடலூர்ப் பிள்ளைகளும் உண்டு, பாண்டியிலிருந்து வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் 160, இல்லாவிட்டால் அதைப் பார்த்துச் செய்த சீன இன்ஜின். 163 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. கீழே தரும் அளவுகள் எல்லாம் இந்த இன்ஜினுக்கு மட்டும்தான். டூ ஸ்ட்ரோக் ரேஸ் கார்ட்டுக்கு இதில் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருகிற இன்ஜினில் நான் முதலில் பார்ப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் ஸ்க்ரூ தலையை. அது தேய்ந்து மழுங்கியிருந்தால், பையன்கள் வீட்டிலேயே நாலைந்து முறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி இன்ஜின் சரியாகிவிட்டால், எது கோளாறு என்று உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. அடுத்த முறையும் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதற்காகவே முள்ளோடையிலிருந்து வண்டி வைத்து வந்தவர்கள் உண்டு.

அடுத்தது ஆயில். இந்த இன்ஜினில் ஆயில் அளவு இறங்கினால் ஸ்பார்க்கை வெட்டிவிடும் சென்சார் ஒன்று அடியில் இருக்கிறது. ஆயில் குறைந்திருந்தால் நீங்கள் கை வலிக்க இழுத்தாலும் பொறி வராது. இன்ஜினைச் சமதளத்தில் வைத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். மொத்தம் 0.6 லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும், எஸ்ஏஇ 10டபிள்யூ-30. ஆயில் சரியாக இருந்தும் ஸ்பார்க் இல்லை என்றால், கிராங்க் கேஸிலிருந்து (ஆயில் நிற்கும் இன்ஜின் அடிப்பெட்டி) வரும் மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு முறை இழுங்கள். ஸ்டார்ட் ஆனால் சென்சார்தான் கோளாறு.

அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். நாலு இழுப்புக்குப் பிறகு பிளக் முனை நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அடைப்பு அதற்கு மேலே இருக்கிறது: டேங்க் வலை, காக் அடியில் உள்ள வண்டல் கப், இல்லாவிட்டால் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். வந்தால் அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு நிமிடம் பாருங்கள். அடியில் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்தால், அது தண்ணீர்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாண்டியில் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் கன்னியக்கோயில் பக்கம் போய் பெட்ரோல் போடுவது பழைய வழக்கம். வண்டிக்குப் போட்டதோடு நிற்காமல் கேனிலும் பிடித்து வந்து மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டர் குடிப்பது அந்த அடிச் சரக்கைத்தான். கார்ட்டுக்கு அன்றைக்கு ஓட்டுவதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் கேனில் பெட்ரோல் வைப்பதையும் விட்டுவிடுங்கள், அது தீ விபத்தைக் கூப்பிட்டு வைப்பது.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) போட்டபடியே இழுத்து இழுத்து உள்ளே பெட்ரோலை நிரப்பியிருந்தால், சோக்கைத் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஏழெட்டு முறை இழுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் மரைப் பகுதியை இன்ஜின் உலோகத்தில் ஒட்டி வைத்து இழுக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளேயிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பெட்ரோல் பாட்டிலையும் முதலில் தள்ளி வையுங்கள். நீல நிறத்தில் சட்டென்று வெடிக்கும் பொறி நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

புது பிளக்கிலும் பொறி இல்லை. கார்ட்டில் சுவிட்ச் ஒயர் ஸ்டியரிங் வரை போகிறது. அது சட்டத்தில் உரசி, தோல் கிழிந்து, இரும்பைத் தொட்டால் ஸ்பார்க் அங்கேயே இறங்கிவிடும். மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் இன்ஜின் அணைந்தால் முதல் சந்தேகம் இந்த ஒயர் மேல் வரட்டும். இன்ஜின் பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பாருங்கள்.

அதுவும் இல்லை என்றால் ஃபேன் மூடியைக் கழற்றி, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகலாம். எங்கள் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். ஒரு மாதம் ஓட்டாமல் வைத்த இன்ஜினில் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) காந்தத்தின் மேல் மருதாணி பூசிய மாதிரி செந்துரு ஏறியிருக்கும், காயிலின் இரண்டு கால் முனையிலும் அப்படியே. நைஸ் உப்புத்தாளால் இரண்டையும் பளபளவென்று வரும்வரை தேய்த்து, துணியால் துடைத்து, இரண்டுக்கும் நடுவில் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டு வைத்துச் செய்கிறார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் கேஜ் பெரிய செலவில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காயிலே போய்விட்டது என்று எடுத்து வந்த சிலருக்கு உப்புத்தாளோடு வேலை முடிந்திருக்கிறது.

கயிறு கையைப் பிடுங்கி இழுக்கிறது, டப் டப்பென்று பின்னால் வெடிக்கிறது

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனால் நேரம் தப்பி எரிகிறது. ஃப்ளைவீலையும் கிராங்கையும் சேர்க்கும், சாவி என்று நாங்கள் சொல்லும் சின்ன உலோகத் துண்டு நசுங்கியிருக்கும். ஓடும்போது செயின் சிக்கி இன்ஜின் சட்டென்று நின்றதா என்று கேட்டால், பையன்கள் யோசித்து "ஆமாண்ணே, போன வாரம்" என்பார்கள். புது சாவி போட்டு, கூம்புப் பகுதியை எண்ணெய் இல்லாமல் துடைத்து, நட்டை 75 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும்.  இரும்புத் துண்டை ராவி சாவியின் இடத்தில் போடாதீர்கள். நட்டு சரியாக முறுக்காமல் விட்டாலும் சாவி நசுங்கும்.

நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் அணைகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

இந்த ஒரு கோளாறில் நான் ஒரு நாள் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். பாண்டியிலிருந்து வந்த ஒரு குழுவின் இன்ஜின். பட்டறையில் வைத்து ஓட்டினால் குறை சொல்ல முடியாது. தரையில் இறக்கி ஓட்டினால் பத்தாவது நிமிடம் திணறி நிற்கும். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தேன். ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளைத் துண்டு) ஊதினேன், ஃப்ளோட்டை மாற்றினேன். சாயங்காலம் பெட்ரோல் அளவு பார்க்க டேங்க் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்கும். புழுதியும் காய்ந்த பெட்ரோல் பிசினும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடுகிறது. நின்ற பிறகு மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடுகிறது. பட்டறையில் நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டவில்லை, அதனால்தான் பிடிபடவில்லை.

ஆகவே, அணைந்த அந்த நொடியிலேயே மூடியைத் தளர்த்தி இழுங்கள். உடனே பிடித்தால் மூடியைக் கழுவுங்கள், வேலை முடிந்தது.

மூடி சரியாக இருந்து, சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, சூடானதும் ஸ்பார்க்கை விடும் காயில். அணைந்த உடனேயே பொறி பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று டாப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி குறைந்துபோனால், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கம், போய்விடும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவந்து, இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர் வையுங்கள். இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் நீங்கள் நிற்பது எக்ஸாஸ்ட் சுற்றின் மேல்முனை. இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள்.

சோக் போட்டால்தான் ஓடுகிறது, அல்லது ஏறி இறங்கி ஊளையிடுகிறது

பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். இங்கேதான் கார்புரேட்டருக்கு முறை வருகிறது. அதைப் பிரிப்பதற்கு முன், இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டருக்கும் தலைக்கும் இடையிலுள்ள பேக்கிங்கைச் சுற்றி சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. பேக்கிங் மாற்றினால் போதும்.

மாறவில்லை என்றால் பைலட் ஜெட். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவுக்கு அடியில், விரல் நகத்தைவிடச் சின்னதாக உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கிப் பிடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு, தெரியாவிட்டால் முழு அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி பாருங்கள். இன்னும் பிடிவாதமாக இருந்தால் மெல்லிய செம்பு ஒயரிலிருந்து ஒற்றை இழையை உருவி அதால் குத்துங்கள். ஊக்கு, தையல் ஊசி எதுவும் வேண்டாம். ஓட்டை ஒரு நூல் பெரிதானாலும் இன்ஜின் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்துவிடும், அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. மெயின் ஜெட்டுக்கும் இதே முறைதான்.

ஜெட் சுத்தமாக இருந்தும் ஏறி இறங்கினால், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியும் ஸ்பிரிங்கும் தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். கவர்னரைச் சரிசெய்ய, கவர்னர் கையின் நட்டைத் தளர்த்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, அப்போது அந்தக் கவர்னர் கை நகர்ந்த அதே பக்கம் கவர்னர் தண்டையும் முடிந்தவரை திருப்பி, நட்டை இறுக்க வேண்டும்.

கவர்னரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேகம் வேண்டும் என்று அதைக் கழற்றிவிடும் பையன்களை நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுக்கிறேன். இந்த இன்ஜின் 3600 ஆர்பிஎம் வேலைக்காகச் செய்தது. வார்ப்பிரும்பு ஃப்ளைவீலும் பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கும் சாதாரண கனெக்டிங் ராடும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருக்கின்றன. கவர்னர் இல்லாமல் விட்டால் வேகம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ராடு உடைந்து கிராங்க் கேஸைக் கிழித்து வந்த இன்ஜின் ஒன்றை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. ஓட்டையில் என் கட்டைவிரல் போகும். கார்ட்டில் இன்ஜின் இருப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால், தம்பி.

வளைவில் மட்டும் அணைகிறது

சுவிட்சைத் தட்டிய மாதிரி சட்டென்று அணைந்து, நேர் ஆனதும் பிடித்துக்கொண்டால், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அந்தச் சென்சார் வெட்டுகிறது. திணறித் திணறி மங்கினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒதுங்கி ஜெட்டுக்குக் காற்று போகிறது. முதலாவதற்கு ஆயிலை முழு அளவுக்கு நிரப்புங்கள், இன்ஜினைச் சாய்த்துப் பொருத்தியிருந்தால் நிமிர்த்துங்கள். சிலர் மஞ்சள் ஒயரைக் கழற்றியே விடுகிறார்கள். அப்படி விட்டால் ஒவ்வொரு முறை ஓட்டும் முன்னும் டிப்ஸ்டிக் பார்ப்பது உங்கள் கடமை, மறந்தால் இன்ஜின் சீஸ் ஆகும். இரண்டாவதற்கு ஃப்ளோட் உயரத்தைப் பாருங்கள்.

ஓடுகிறது, இழுவை இல்லை

ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் ஓட்டியவர்களுக்கு ஏர் ஃபில்டர். மாவு மாதிரி நைஸான புழுதி அது, ஒரே நாளில் ஃபோமை அடைத்துவிடும். ஃபோமை சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்டுங்கள். உள்ளே இருக்கும் காகித ஃபில்டரைத் தண்ணீரில் போடாதீர்கள், தட்டி உதறினால் போதும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் அந்த மண் சிலிண்டர் உள்சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிடும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்த இன்ஜின் என்றால் சைலன்ஸர் வாயைப் பாருங்கள். குளவி மண் கூடு கட்டியிருக்கும்.

ஃபில்டர், சைலன்ஸர், டாப்பட் மூன்றும் சரி என்றால் கம்ப்ரஷன். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இழுங்கள். அமுக்கம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு. நீலப் புகையும் ரிங் பக்கமே கை காட்டும். கறுப்புப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சோக் முழுதாகத் திறக்கவில்லை, இல்லை ஃபில்டர் அடைத்திருக்கிறது.

இன்ஜின் நன்றாக உறுமுகிறது, கார்ட் மட்டும் நகரவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால் கிளட்ச். வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் இந்த வகை கிளட்ச் 2000 ஆர்பிஎம் பக்கத்தில் பிடிக்கும். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு ரேஸ் பண்ணினாலோ, பின் ஸ்ப்ராக்கெட் பல் குறைவாக இருந்தாலோ, அது வழுக்கி வழுக்கியே வெந்துவிடும். உள்புஷ்ஷுக்கு ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், ஷூவில் படக் கூடாது. செயின் நடுவில் விரலால் அழுத்தினால் 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும்.

வெள்ளத்தில் நின்ற இன்ஜின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூரில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. அந்த வாரம் பட்டறையில் நடக்க இடமில்லை. வந்த இன்ஜின்களில் பிழைத்தவை எல்லாம், தண்ணீர் வடிந்ததும் யாரும் கயிற்றைத் தொடாமல் அப்படியே எடுத்து வந்தவை. "ஓடுதான்னு பார்த்தோம்ணே" என்று சொன்னவர்கள் கொண்டுவந்ததில் ஒன்றில் ராடு வளைந்திருந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் அதில் மோதினால் வளைவது ராடுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜினைக் கவிழ்த்து மெதுவாகக் கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலை வடியுங்கள், பால் டீ நிறத்தில் வரும். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்து நல்ல பெட்ரோலில் அலசுங்கள். ஏர் ஃபில்டரின் காகிதத்தை மாற்றிவிடுங்கள். புது ஆயில் ஊற்றி, பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் விட்டு, பிளக் இல்லாமலே பத்து முறை இழுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓட்டி, அந்த ஆயிலையும் வடித்து மறுபடி புதிது ஊற்றுங்கள். இரண்டாவது ஆயிலை மிச்சம் பிடித்தவர்கள் பேரிங்குக்குச் செலவு செய்தார்கள். கடல் தண்ணீர் புகுந்திருந்தால் இவற்றையெல்லாம் அன்றைக்கே செய்ய வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் உப்பு ரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

வழக்கமான பராமரிப்பு

புது இன்ஜினில் முதல் ஆயில் 20 மணி நேரத்தில், அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று புத்தகத்தில் இருக்கும். அது பம்புக்குச் சரி. கார்ட்டில் எப்போதும் முழு மிதியில் ஓடுவதால் நான் 25 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்கிறேன். மணிக்கணக்கை டேங்கில் ஒட்டிய ஒரு தாளில் எழுதிவையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் சேரும் புல்லையும் மண்ணையும் தூரிகையால் எடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வைத்து அடித்துக் கழுவுவது வேண்டாம், தண்ணீர் காயிலுக்கும் கார்புரேட்டருக்கும் போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்து வைப்பதாக இருந்தால், காக்கை மூடி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் மிச்சமிருப்பதையும் டேங்கில் இருப்பதையும் வடித்துவிடுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை மெதுவாக இழுத்து கனம் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. மேலே பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்க்கும், பழைய பருத்திப் போர்வை போதும். சைலன்ஸர் வாயில் ஒரு துணியைத் திணித்து, அதன் நுனியில் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். குளவியும் வராது, தை மாதம் கயிற்றை இழுக்கும் முன் துணியை எடுக்கவும் மறக்க மாட்டீர்கள்.